முதுகுப்பையோடு கன்னியாகுமரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரிக்குக் குறைந்த செலவில் வந்து இரண்டு மூன்று நாள் தங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். முதல் தடவை வருபவர்கள் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போகும்.

மூணு நாள் இருக்கணும்னா கையில எவ்வளவு வச்சுக்கணும்?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் என்று கணக்கு வையுங்கள். பொதுக்கூடத்தில் படுக்கை 300 முதல் 500, மூன்று வேளைச் சாப்பாடும் டீயும் 300 முதல் 400, டவுன் பஸ்ஸுக்கு 100. மீதிப் பணம் படகு, அரண்மனை நுழைவுச் சீட்டுகளுக்குப் போகும். இரண்டு பேராக வந்து சாதாரண லாட்ஜில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டாலும் தொகை ஏறக்குறைய இதேதான்.

நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. சபரிமலைக்குப் போகும் பக்தர்கள் கூட்டம் கூட்டமாகக் குமரிக்கும் வருவார்கள். அவர்களோடு பள்ளிச் சுற்றுலா, கிறிஸ்துமஸ் விடுமுறை எல்லாம் சேர்ந்துகொள்ளும். அறை வாடகை இரண்டு மடங்கு ஆவது சாதாரணம். அந்த மாதங்களில் வருவதானால் நாகர்கோவிலில் தங்குவது பற்றிக் கீழே சொல்லியிருப்பதைப் பாருங்கள்.

டிக்கெட் கன்னியாகுமரிக்குப் போடணுமா, நாகர்கோவிலுக்கா?

கிடைப்பதைப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே 20 கிலோமீட்டர்தான், பஸ்ஸும் அடிக்கடி உண்டு. கன்னியாகுமரி கடைசி நிலையம் என்பதால் தூங்கிவிட்டாலும் தாண்டிப் போய்விட மாட்டீர்கள். நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நடை தூரம்தான், பையோடு நடந்தாலும் கால் மணி நேரத்தில் போய்விடலாம்.

நாகர்கோவிலில் இரண்டு நிலையங்கள் உண்டு: கோட்டாறில் இருக்கும் ஜங்ஷன், இன்னொன்று டவுன். உங்கள் ரயில் எதில் நிற்கும் என்று டிக்கெட்டைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். விமானத்தில் வருபவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம், சுமார் 90 கிலோமீட்டர்.

தங்குறதுக்கு கன்னியாகுமரி நல்லதா, நாகர்கோவில் நல்லதா?

ஓர் இரவு மட்டும் என்றால் கன்னியாகுமரி. சூரிய உதயத்துக்கு நடந்தே போகலாம், எட்டு மணிக்கு முன்னால் படகு வரிசையிலும் நின்றுவிடலாம். மூன்று இரவு இருக்கிறது என்றால் முதல் இரவைக் குமரியிலும் மற்ற இரண்டையும் நாகர்கோவிலிலும் கழிப்பதைத்தான் நாங்கள் சொல்வோம். மாவட்டத்தின் எல்லாப் பக்கத்துக்கும் பஸ் புறப்படுவது அங்கிருந்துதான். சாப்பாடும் அறையும் சுற்றுலா விலையில் இருக்காது. மாவட்டத் தலைநகரம் என்பதால் சீசன் கூட்டத்திலும் அறை கிடைக்கும்.

குமரியில் ஒரே இடத்தில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டுக் "கூட்டம்தான் இருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அவர்கள் பார்த்தது ஒரு மாவட்டத்தின் நுனியை மட்டும்தான்.

தனி ரூம் வேண்டாம், படுக்க ஒரு கட்டில் போதும். அப்படி இடம் உண்டா?

உண்டு. விவேகானந்தபுரம் என்கிற விவேகானந்த கேந்திர வளாகத்தில் அறைகளும் பலர் சேர்ந்து தங்கும் கூடங்களும் இருக்கின்றன. ஊர் நடுவிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். மரநிழல், அமைதி, உதயம் பார்க்கச் சொந்தக் கடற்கரை எல்லாம் உண்டு. ஆசிரமச் சூழல் என்பதால் மது, புகை, இரவு நேரச் சத்தம் கூடாது. அரசின் ஓட்டல் தமிழ்நாடு, ரயில் நிலைய ஓய்வறை இரண்டையும் முன்பதிவு செய்துகொண்டு வரலாம்.

எங்கே தங்கினாலும் ஆதார் மாதிரி ஓர் அசல் அடையாள அட்டை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், போனில் இருக்கும் படத்தைச் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள். வெளிநாட்டு நண்பர் கூட வந்தால் பதிவு செய்யும்போதே, "ஃபாரம் சி போடுவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் அந்தப் பதிவு வசதி இல்லாத சின்ன லாட்ஜில் கடைசி நேரத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விடிகாலை அஞ்சரைக்கு வந்து இறங்குறோம். அதுக்கு ஒரு நாள் வாடகையா?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "செக்-அவுட் பகல் 12 மணியா, 24 மணி நேரமா?" 24 மணி நேரக் கணக்கு என்றால் காலை ஆறுக்கு நுழைந்து மறுநாள் காலை ஆறு வரை இருக்கலாம். 12 மணிக் கணக்கில் ஆறு மணிக்கு நுழைந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போய்விடும்.

அப்படியானால் அறையே எடுக்காதீர்கள். பையை ரயில் நிலையப் பொருள் வைப்பறையில் போட்டுவிட்டு நேராக உதயத்துக்குப் போங்கள். அங்கே பூட்டுப் போட்ட பையைத்தான் வாங்குவார்கள், பயணச்சீட்டும் கேட்பார்கள். ஜிப்பின் இரண்டு வளையங்களையும் சேர்த்து மாட்ட ஒரு சின்னப் பூட்டு கொண்டுவாருங்கள். கயிறு இழுத்துக் கட்டும் பை என்றால் பூட்ட வழியே இல்லை.

சூரிய உதயம் எத்தனை மணிக்கு? எங்க நின்னு பார்க்கணும்?

ஆண்டு முழுக்க 6 மணிக்கும் 6.45க்கும் நடுவில்தான். ஜூனில் ஆறை ஒட்டி, பிப்ரவரியில் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால். அரை மணி முன்பே போய்விடுங்கள், சூரியன் வரும் முன் இருக்கும் நிறங்கள்தான் அதிகம். முக்கடல் சங்கமத்துக் கரையில் கூட்டம் தோளோடு தோள் உரசும். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் எதிரே நிற்கும். டிசம்பரில் சூரியன் தென்கிழக்கே தள்ளி எழும், ஜூனில் வடகிழக்கே நகர்ந்துவிடும். போன வருடம் நண்பர் எடுத்த படத்தைப் போலவே வேறு மாதத்தில் எடுக்க முடியாமல் போவது இதனால்தான்.

அடிவானத்தில் ஒரு முழம் மேகம் கிடந்தால் சூரியன் பத்து நிமிடம் பிந்தித்தான் தெரியும். கூட்டம் கலைந்துவிடும், நீங்கள் கிளம்பாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

உதயம், அஸ்தமனம் ரெண்டும் கடல்லயே பார்க்கலாம்னு சொன்னாங்க. மே மாசம் வந்தோம், சூரியன் கரைக்குப் பின்னால போயிடுச்சே?

யாரும் பொய் சொல்லவில்லை, மாதத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். குமரி முனையிலிருந்து கரை மேற்கே நேராகப் போவதில்லை, கொஞ்சம் வடக்கே ஏறி முட்டம், குளச்சல் பக்கம் போகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் நேர் மேற்கிலோ அதற்குத் தெற்கிலோ இறங்குவதால் கடலில் மறையும். ஏப்ரலிலிருந்து வடமேற்கே நகர்ந்துவிடும், அந்தத் திசையில் நிலம் இருக்கிறது. உதயத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. கிழக்குக் கரை வடகிழக்காக விலகிப் போவதால் எல்லா மாதமும் கடலில்தான் எழும்.

கோடையில் வந்தால் மேற்கே போங்கள். ஊருக்கு அருகில் உள்ள கோவளம் மீனவர் கிராமத்தின் அஸ்தமன முனை பக்கம்தான், நேரம் இருந்தால் முட்டத்துப் பாறைகள். இது நம் மாவட்டத்துக் கோவளம். கேரளத்துக் கோவளத்துக்கு வழிகாட்டும் வரைபடத்தைப் பின்பற்றி யாரும் பஸ் ஏறிவிடாதீர்கள்.

சித்ரா பௌர்ணமி அன்று சூரியன் மறைவதும் நிலா எழுவதும் ஒரே நேரத்தில் என்று பெரிய கூட்டம் வரும். எந்தப் பௌர்ணமியிலும் இது ஏறத்தாழ நடப்பதுதான். ஜனவரி, பிப்ரவரிப் பௌர்ணமியில் வந்தால் சூரியனும் கடலில் இறங்கும், நிலாவும் கடலில் எழும், கூட்டமும் இருக்காது.

விவேகானந்தர் பாறைக்குப் படகுல போக எத்தனை மணிக்கு வரிசையில நிக்கணும்?

பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் காலை 8 முதல் மாலை 4 வரை ஓடும். ஏழரைக்கு நின்றால் முதல் படகுகளில் ஏறலாம். உதயம் பார்த்த கூட்டம் டிபன் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு மேல் வந்து சேரும், அப்போது இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். வரிசையைத் தாண்டிப் போகச் சிறப்புச் சீட்டு உண்டு. அது பல மடங்கு விலை, காலையில் போகிறவருக்குத் தேவையே இல்லை.

முன்பெல்லாம் பாறைக்குப் போனவர்கள் சிலைக்குப் போக முடியாமல் திரும்புவது சகஜம். சிலையைச் சுற்றிப் பாறைகளும் ஆழமின்மையும் இருப்பதால் படகை அங்கே அணைப்பது கடினம். 2024 டிசம்பர் 30 அன்று இரண்டையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு நடந்தே போகலாம். 133 அடிச் சிலையில் பீடம் மட்டும் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு ஈடாக. பாறையில் செருப்பைக் கழற்ற வேண்டும், பதினோரு மணிக்கு மேல் கல் காலைச் சுடும். சாக்ஸ் போட்டு வருவது நல்ல யோசனை.

நல்லா வெயில் அடிக்குது, மழையும் இல்ல. படகு ஓடலைன்னா என்ன அர்த்தம்?

இரண்டு காரணங்கள். ஒன்று கடல் சீற்றம், காற்றில் படகு துறைமேடையில் மோதும். மற்றது கடல் உள்வாங்குவது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் தாழும்போது படகின் அடி தரை தட்டும். கடல் குளம் மாதிரி அமைதியாக இருக்கும்போதே "நீர்மட்டம் தாழ்வு, படகு இல்லை" என்று பலகை வைப்பார்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் மட்டம் ஏறியதும் மறுபடி தொடங்குவார்கள். அதுவரை காந்தி மண்டபம், பகவதி அம்மன் கோயில் என்று முடித்துக்கொள்ளுங்கள். படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள், முதல் காலையிலேயே முயலுங்கள். தவறினால் இன்னும் இரண்டு காலை மிச்சம் இருக்கும்.

கடல்ல குளிக்கணும். எந்தப் பீச் பாதுகாப்பு?

குமரி முனையில் பாறையும் சுழலும் அதிகம். சங்கமத்தில் தடுப்புக்குள் இருக்கும் படித்துறையில் முங்கி எழுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சொத்தவிளையில் மணல் அகலமாக, சரிவு குறைவாக இருக்கும். காலை நனைக்கவும் முழங்கால் அளவு நிற்கவும் அது ஏற்றது. சங்குத்துறை, லெமூர், முட்டம், தேங்காப்பட்டணம் எல்லாம் அழகான கரைகள். ஆனால் இவற்றை நீந்தும் இடமாக நினைக்கவே வேண்டாம், நீச்சல் தெரிந்தவரும்கூட.

ஓர் அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளை நுரையாக உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரை இல்லாமல், கலங்கின நிறத்தில், அமைதியாகத் தெரியும். புதிதாக வருபவர் "இங்கதான் அலை கம்மி" என்று அதில்தான் இறங்குவார். கரைக்கு வந்த தண்ணீர் முழுவதும் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அதில் மாட்டினால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். இழுப்பின் அகலம் குறைவு, வெளியே வந்ததும் அலையே கரைக்குத் தள்ளும். தூண்டில் வளைவு என்கிற, கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கற்களில் ஏறி செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். பாசி படிந்த கல்லில் கால் நிற்காது, விழுந்தால் கற்களுக்கு இடையே சிக்கிக்கொள்வீர்கள்.

காத்து இல்ல, புயல் இல்ல. அப்பவும் ஏன் எச்சரிக்கை விடுறாங்க?

மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்பார்கள், திருடன் போலச் சொல்லாமல் வருவதால். தெற்கு இந்தியப் பெருங்கடலில் வெகு தொலைவில் வீசிய புயல்காற்று கிளப்பும் நீண்ட அலைகள் சில நாள் பயணித்து நம் கரையை அடையும். உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் நீலமாக இருக்கும். திடீரென்று ஓர் அலை வழக்கத்தைவிட வெகுதூரம் மணலில் ஏறித் திரும்பும்போது நிற்பவரை வாரிக்கொண்டு போகும். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம்.

2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். அவர்களும் உங்களைப் போல விடுமுறையில் வந்த இளைஞர்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையம் எச்சரிக்கை விட்டால் அது அன்றைய செய்தியில் வரும். கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம், "அண்ணே, இண்ணைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். வள்ளங்களை, அதாவது மீன்பிடிப் படகுகளை, மேட்டுக்கு இழுத்துப் போட்டிருந்தால் அதுவே பதில்.

கம்மி விலையில நல்ல சாப்பாடு எங்க? வடநாட்டுத் தாலிதான் எல்லா இடத்துலயும் இருக்கு.

கடற்கரையை விட்டு இரண்டு தெரு உள்ளே வாருங்கள், அல்லது நாகர்கோவிலுக்குப் போங்கள். மதியச் சாப்பாட்டில் "சம்பாவா, வெள்ளையா?" என்று கேட்பார்கள். சம்பா என்றால் பருத்த சிவப்பரிசிச் சோறு, மீன்குழம்புக்கு அதுதான் பொருத்தம். அவியலும் தீயலும் கிடைத்தால் விடாதீர்கள். வயிறு நிறைய, காசு குறைய வேண்டும் என்றால் அவித்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளை (மத்தி) மீன்குழம்பும். மாலையில் ரசவடை, பழம்பொரி, சாயா.

பையில் போட்டுக்கொள்ள மட்டிப் பழம் ஒரு சீப்பு வாங்குங்கள். விரல் நீளம்தான் இருக்கும், தோல் மெல்லியது, உரித்ததும் தேன் வாசம் எழும். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. குழந்தைகளுக்கு முதல் உணவாகக் கொடுக்கிற பழம் என்பதால் வெயிலில் வயிறு கெட்டவர்களுக்கும் நல்லது. பனைச் சீசனில் அக்கானி, அதாவது பதநீர், காலையிலேயே குடித்துவிட வேண்டும். மதியத்துக்குள் புளித்துவிடும்.

மீன்பிடித் தடைக்காலத்துல வந்தா மீனே கிடைக்காதா?

இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடற்கரை, இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை விசைப்படகுகளுக்குத்தான், கட்டுமரமும் வள்ளமும் போய்க்கொண்டிருக்கும். மே மாதத்தில் குளச்சல் மீன் சந்தைக்கு வரும், ஜூலையில் சின்னமுட்டம் மீன் வரும். ஜூன் முதல் இரண்டு வாரம் மட்டும் இரண்டும் சேர்ந்து அடைபடும், அப்போது நெய்மீன் (வஞ்சிரம்) விலை எகிறிவிடும். சாளையும் நெத்திலியும் கேளுங்கள்.

டாக்ஸி எடுக்காம பஸ்ஸிலேயே சுத்த முடியுமா?

தாராளமாக. நாகர்கோவிலில் இரண்டு பஸ் நிலையங்கள்: வடசேரி, அண்ணா. பொதுவாக வெளியூர் பஸ்கள் வடசேரியில், டவுன் பஸ்கள் அண்ணாவில். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

குமரி–நாகர்கோவில் சாலையிலேயே சுசீந்திரம் வரும். தாணுமாலயன் கோயிலின் இசைத் தூண்கள், 18 அடி அனுமன். பக்கத்து சுசீந்திரம், தேரூர் குளங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள். அதே வழியில் பொற்றையடியில் இறங்கினால் மருந்துவாழ்மலை. விடிகாலையில் ஏறுங்கள், ஒரு மணி நேர ஏற்றம், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், குரங்குகளிடமிருந்து தின்பண்டத்தைப் பையின் உள்ளே மறைத்து வையுங்கள். வட்டக்கோட்டை ஊருக்கு வடகிழக்கே 6 கிலோமீட்டர், மாலையில் போகலாம்.

மேற்கே ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வடசேரியிலிருந்து தக்கலை, அங்கிருந்து 2 கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை. வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. குளச்சல் போரில் 1741இல் தோற்று, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனிப் படைத் தளபதி டிலெனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. மதியம் திருவட்டாறு, மாத்தூர் தொட்டிப்பாலம், குலசேகரம் வழியாகத் திற்பரப்பு அருவி. பேச்சிப்பாறை அணையில் உபரி நீர் திறந்தால் அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள், மழை நாளில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

பீச்சுலயே டென்ட் அடிச்சுப் படுத்துக்கலாமா?

வேண்டாம். கள்ளக்கடல் பற்றி மேலே சொன்னது இரவுக்கும் பொருந்தும், தூக்கத்தில் அலை ஏறினால் எழக்கூட நேரம் இருக்காது. இன்னொன்று, அந்த மணல் மீனவர்களின் வேலையிடம். இரவு இரண்டு மூன்று மணிக்கு வள்ளம் தள்ள ஆட்கள் வருவார்கள், நடுவில் கூடாரம் இருந்தால் தொந்தரவு. ரோந்துப் போலீஸும் எழுப்பி அனுப்பும்.

தனியா வர்ற பொண்ணு நான். இரவு பிரச்சினை வருமா?

ஊர்க் கடைத்தெருவில் இரவு ஒன்பது, பத்து மணி வரை குடும்பங்கள் நடமாட்டம் இருக்கும். விவேகானந்தபுரம் மாதிரி வளாகம் அல்லது ரயில் நிலையத்தை ஒட்டிய லாட்ஜ் நல்லது. ஸ்டேஷன் வாசலிலும் பஸ் நிலையத்திலும் "ரூம் வேணுமா மேடம்?" என்று கூடவே வரும் ஆட்களோடு போகாதீர்கள். அவர்களுடைய கமிஷன் உங்கள் வாடகையில் ஏறும். சொத்தவிளை, சங்குத்துறையில் இருட்டும் முன் பஸ் பிடித்துவிடுங்கள், கடைசி பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181.

கோயிலுக்கு டிரெஸ் கட்டுப்பாடு உண்டா?

பகவதி அம்மன் கோயிலிலும் சுசீந்திரத்திலும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அரைக்கால் சட்டை வேண்டாம், பையில் ஒரு வேட்டி இருந்தால் துண்டாகவும் போர்வையாகவும் உதவும். பகலில் நடை சாத்தியிருக்கும், காலையிலோ மாலையிலோ போங்கள்.

சங்கு, பவளம், கலர் மணல் வாங்கலாமா?

பவளத் துண்டும் கடல்குதிரையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி வாங்கவும் விற்கவும் கூடாது. சங்கிலும் சில வகைகளுக்குத் தடை உண்டு. பாசிமணி, பனைஓலைப் பொருள் என்று வாங்குங்கள். கரையில் கறுப்பும் சிவப்புமாகக் கிடக்கும் மணல் இல்மனைட், கார்னெட் கனிமங்கள், மணவாளக்குறிச்சியில் இதற்கு மத்திய அரசு ஆலையே இருக்கிறது. கறுப்பு மணல் நண்பகலில் வெறுங்காலைப் பொசுக்கிவிடும்.

ராத்திரி ரயில்ல வந்து மறுநாள் சாயங்கால ரயில்லயே சென்னை திரும்பணும். படகும் அரண்மனையும் ரெண்டும் முடியுமா?

முடியும், மூன்று நிபந்தனைகளோடு. அன்று திங்கட்கிழமையாக இருக்கக் கூடாது, பத்மநாபபுரம் அரண்மனைக்கு அன்று விடுமுறை. பகல் 1 முதல் 2 வரையும் மூடுவார்கள். படகு அன்று ஓட வேண்டும். திரும்பும் டிக்கெட் கன்னியாகுமரியிலிருந்து இல்லாமல் நாகர்கோவிலிலிருந்து இருக்க வேண்டும்.

ரயில் நேரத்துக்கு வந்தால் பையை வைப்பறையில் போடாதீர்கள், திரும்பி இங்கே வரப்போவதில்லை. சின்னப் பையோடு உதயம், ஏழரைக்கு வரிசை, பத்தரைக்குக் கரை, பதினொன்றுக்கு நாகர்கோவில் பஸ், ஒன்றரைக்குத் தக்கலையில் சாப்பாடு, இரண்டு மணிக்கு அரண்மனைக் கதவு திறக்கும்போது உள்ளே. மூன்றரைக்கு வெளியே வந்துவிட்டால் ஐந்து மணிக்குள் ஜங்ஷன். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் குமரியிலிருந்து ஆறு மணிக்கு முன்பே புறப்பட்டுவிடும், ஆகவே அன்று அஸ்தமனம் கிடையாது. காலை ஒன்பதுக்குள் படகு தொடங்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். கரையிலிருந்தே சிலையைப் பார்த்துவிட்டு நேரே தக்கலைக்கு பஸ் ஏறுங்கள், பகல் ஒரு மணிக்கு முன்பே அரண்மனையை நிதானமாகப் பார்த்து முடிக்கலாம்.